மீன்காரம்மா மோந்து சொன்ன ரோஜா

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டு போகும் வழியில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து எனக்குப் பின்மண்டையில் அடிபட்டது. காயம் ஆறியது. வாசனை தெரிவது மட்டும் நின்றுபோனது. "திரும்பினால் திரும்பலாம்" என்றார் டாக்டர். காபி, மல்லிகை, தீய்ந்த பால் எல்லாம் எனக்கு ஒன்றாகிவிட்டன. கணவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குவார்ட்டர்ஸில் ‘ஹைபிரிட் டீ’ என்ற ரகத்து ரோஜாச்செடி ஒன்று வைத்தேன். நல்ல வாசனை உள்ளதாகக் கேட்டே வாங்கினேன். ஏன் என்று கணவர் கேட்கவில்லை. கடற்கரை மணலில் செடி தங்காதென்று குழி தோண்டி ஏரி வண்டலும் எருவும் நிரப்பினோம். ஆறாவது வாரம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பூ விரிந்தது. மூக்கைப் புதைத்துப் பார்த்தேன். இதழ் குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று காலை மீன் கொண்டுவந்த அம்மாவிடம், "இதுல வாசன வருதா பாருங்கக்கா" என்றேன்.

"மீன் கையோட மோந்தா மீன்தான் தெரியும்" என்றவர், குழாயில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து குனிந்தார். "எலுமிச்ச தோலு கணக்கா கீது. அடியில தேனு."

மாலையில் கணவர் மோந்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றார். யார் சொல்வது சரி? மறுநாள் விடிந்ததும் அவரை மறுபடி இழுத்துப் போனேன். "இப்போ இருக்கு. டீத்தூள் டப்பாவத் திறந்த மாதிரி." வெயில் ஏறி கடல்காற்று எழுந்ததும் வாசனை போய்விடுகிறது என்பது ஒரு வாரத்தில் புரிந்தது. ஆனால் எலுமிச்சையா, டீத்தூளா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரையும் ஒரே பூவின் முன் நிறுத்தினேன். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மீன்காரம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. உனுக்கு இன்னா தெரியுது?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா. தலையில அடிபட்டதுலேர்ந்து."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்பறம் இன்னாத்துக்கு இத்த வளத்துகினு கீற?"

"நீங்க சொல்றதக் கேக்கத்தான்."

அவர் சிரிக்கவில்லை, ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து, கூடையை இறக்கியதும் தானாகவே கை கழுவிவிட்டுப் போய்ப் பூவின் முன் குனிந்தார். நானும் மஞ்சள், இளஞ்சிவப்பு, வெள்ளை என்று செடிகளைக் கூட்டினேன். எனக்கு வாசனை திரும்பவேயில்லை.

அந்த வெள்ளை முதன்முதலில் பூத்த அன்று அவர் வெகுநேரம் நிமிரவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னா சொல்றதுன்னே தெரிலம்மா" என்றார். "இரு, நாளைக்கி இன்னொரு தபா மோந்துட்டு சொல்றேன்."