நான் அழித்த மூச்சு

போன மாதம் பேத்தி ஒரு பாட்டுப் பதிய என்னையும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பெடியன் அவள் பாடியதைத் துண்டு துண்டாகச் சீவிவிட்டு, "மூச்செல்லாம் வெட்டியாச்சு அம்மம்மா. இப்ப கிளீன்" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு முகம் இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாலும், பண்ணிசைப் போட்டியில் முதலாவதாக வந்தவள் என்ற தலைக்கனம் நிற்கவில்லை. அண்ணைக்குக் கப்பலில் வேலை. விடுமுறையில் வந்தபோது ஒரு ரேப் றெக்கோடரும் ஒரேயொரு வெறும் கசற்றும் கொண்டுவந்திருந்தார். அம்மாவின் பாட்டைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டுமாம்.

அம்மா மைக்குக்கு முன்னால் கைகட்டி இருந்தா. குரல் எழும்பவில்லை.

"சும்மா இருந்துகொண்டு என்னெண்டு பாடுறது? உலக்கையை எடு பிள்ளை."

காய்ந்த பனங்கிழங்கு ஒடியலை உரலில் போட்டு இடிக்கத் தொடங்கியதும் பாட்டு தானாக வந்தது. உலக்கை விழும்போதெல்லாம் குரல் அறுந்தது. ஒரு மூச்சு வெளியே பாய்ந்தது. அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடி எழும்பியது. நடுவில், "சூ! உந்தக் கோழியைக் கலை பிள்ளை!" என்று கத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்தே பாடினா. அண்ணை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, திருப்பி எடுங்கோ. அம்மா மூச்சு வாங்குறா, சுருதியும் விலகுது" என்றேன்.

"போடி, பெரிய வித்துவாட்டி!"

சுட்டுவிட்டது. கப்பலில் உள்ளவர்கள் கேட்டால் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார்களே என்றும் இருந்தது. இரண்டில் எது பெரிதாக இருந்ததென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மறுநாள் அவர் பயணம். பாட்டுப் பதிந்த அன்றைக்குப் பின்னேரம் அம்மா அவருக்காகச் சந்நிதி முருகனுக்கு அர்ச்சனை செய்யப் போனா. அண்ணை பருத்தித்துறைக்குச் சாமான் வாங்கப் போனார். நான் கதவு யன்னலெல்லாம் பூட்டிவிட்டு, அம்மாவின் பாட்டுக்கு மேலேயே அதே பாட்டைப் பாடிப் பதிந்தேன். நாலு தரம் பாடினேன்; நாலாவதில் ஒரு பிசிறும் இல்லை. பழையது அழியும் என்று தெரியும். அழியட்டும் என்றுதான் பாடினேன்.

அண்ணை போட்டுப் பார்க்காமலே கொண்டுபோனார். மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நான்தான் அம்மாவுக்கு வாசித்தேன். "தங்கச்சி பாடியிருக்கிறாள். ஒரு பிழையும் இல்லை."

"அப்ப என்ரை பாட்டு?" என்று அம்மா கேட்டா.

"உங்கடை சரியா விழேல்லை அம்மா."

"ஓம், என்ரை குரலும் ஒரு குரலே?" என்று சொல்லிவிட்டுச் சுளகை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனா.

கடிதத்தின் அடியில் அண்ணை இன்னொன்றும் கேட்டிருந்தார்: "அம்மா இப்பவும் ஒடியல் இடிக்கிறாவோ?"

பாவம், அண்ணைக்குக் கூழ் ஆசை வந்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். "ஓம், போன வெள்ளியும் கூழ் காய்ச்சினனாங்கள். ஒடியல் மா அனுப்பிவிடட்டோ?" என்று பதில் எழுதினேன். எழுத்துப்பிழை ஏதும் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, உறையை ஒட்டினேன்.