வெற்றிலைப் பத்திரிகை

பிலவேந்திரனுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: செஞ்சிக் கடைத்தெருவில் பூவராகவனின் அச்சகத்தில் டிரெடில் என்னும் கால்மிதி அச்சு மிஷினை மிதிப்பது. வல்லத்துப் பக்கமிருந்து சைக்கிளில் வருவான். திண்டிவனத்தில் கரண்ட் மிஷின் போட்ட பிறகு நோட்டீசு வேலையெல்லாம் அங்கே போயிற்று. டிரெடிலை விற்றுவிடலாமென்று பூவராகவன் பேச ஆரம்பித்தார்.

"வித்துடாதீங்க மொதலாளி. இதுலயே அட்டைய எந்த உருவத்துலயும் வெட்டலாம். மெட்ராசுல பாத்திருக்கேன்."

அவன் பேச்சை நம்பி அட்டை வெட்டும் எஃகுத் தகடு வரவழைத்தார். வெட்டு நன்றாக வந்தால் மிஷின் இருக்கும். மிஷின் இருந்தால்தான் அவனும்.

முதல் வேலை, மல்லாட்டைக் கடலை மண்டி தனகோட்டி மகள் கல்யாணப் பத்திரிகை. வெற்றிலை வடிவ மாதிரியைப் பார்த்ததும் தனகோட்டிக்கு வாயெல்லாம் பல்.

"பாக்குதான்யா இல்ல. போடு, போடு."

கெட்டி அட்டையில் எழுத்து நசுங்காமல் அடிப்பதே பாடு. அடித்து முடித்துக் காயவைத்து, மை தடவும் ரோலர்களைக் கழற்றினான். அவை இருந்தால் தகடு அவற்றைக் கிழித்துவிடும். வெற்றிலை ஓரமாக வளைத்த தகட்டைச் சட்டத்தில் இறுக்கினான். வெட்டு விழாத இடத்துக்கு அடியில் துண்டுக் காகிதம் ஒட்டி ஒட்டி மிதித்தான். அத்தனையும் சுத்தமாக வந்தது. காம்பு கூட உடையவில்லை.

மறுநாள் தனகோட்டியும் அவர் மனைவி சுந்தராம்பாளும் வந்தார்கள். முதல் பத்திரிகையை மேல்மலையனூர் அம்மன் காலடியில் வைக்க வேண்டும். குழைத்த மஞ்சள் அவள் கையில் இருந்தது. பத்திரிகையை ஒரு சுற்று திருப்பினாள். இன்னொரு சுற்று.

"ஏம்பா, நாலு மூலைக்கு மஞ்சள் வெக்கணும். மூலை எங்க?"

பிலவேந்திரன் பத்திரிகையைப் பார்த்தான். எத்தனையோ கல்யாணத்துக்கு அடித்தவன். மஞ்சள் வைப்பது வீட்டில், பெண்கள். அச்சகத்தை விட்டு வெள்ளையாகத்தான் எல்லாம் போகும்.

"பின்னால வெக்கலாம்மா."

"முதுகுலயா? எங்கயாவது கேட்டிருக்கியா? மஞ்சள் இல்லாம வர்றது கருமாதிக் கடுதாசிதான். எம் பொண்ணு பேரை அதுலயா போடுவே?"

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் தனகோட்டி. அவர் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. பிலவேந்திரன் பூவராகவனைப் பார்த்தான். பூவராகவன் மேஜையைப் பார்த்தார்.

"சாதாத் தாள்ல இன்னிக்கே அடிச்சித் தந்துடறேங்க" என்றான் பிலவேந்திரன்.

"வேணாம்பா. பஸ்சுக்கு நேரமாவுது. திண்டிவனத்துலயே குடுத்துக்கறோம்."

சொல்லிவிட்டுச் சுந்தராம்பாள் பத்திரிகையை அட்டைக் குவியலின் மேல் மெதுவாக வைத்தாள். அதில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்தாவது பார்த்திருக்கலாம்.

அவர்கள் போனார்கள். பிலவேந்திரன் ரோலர்களைத் திரும்ப மாட்டப் போனான்.

"மாட்டாத" என்றார் பூவராகவன். "மண்ணெண்ண தொட்டு நல்லா தொடச்சி வையி. நாளைக்கு ஒருத்தர் மிஷின் பாக்க வராரு."

"மொதலாளி, நாளைக்கி நான்..."

"வேணும்னா ஆள் அனுப்பறேன். தொடச்சிட்டுப் போ."

பிலவேந்திரன் துணியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மிதிகட்டையில் அவன் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. வாங்க வருகிறவர் பழைய மிஷின் என்று நினைத்துவிடப் போகிறாரே என்று பயந்து, அதன்மேல் கொஞ்சம் கறுப்பு மை தடவினான்.