என் பேரில் ஒரு தூண்டில் பாஸ்

புனேயின் கட்கியில் குடியிருந்த நாட்களில், எங்கள் வீட்டில் பெருங்காய டப்பா சீக்கிரம் காலியானால், ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாகப் போகின்றன என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் மீனுக்கு இரையாகக் கோதுமை மாவில் பெருங்காயத்தைக் கொட்டிப் பிசைந்து, ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, விடிந்ததும் கட்கி ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார். லோக்கல் ரயிலில் காம்ஷெத், அங்கிருந்து ஷேர் ஜீப், அப்புறம் அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் தண்ணீர். அதன் ஓரத்தில் ஒரு தட்டைப் பாறை. பகல் முழுக்க அதில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மீனும் சிக்காவிட்டாலும் முகம் மலர்ந்துதான் வீடு திரும்புவார்.

"சாம்பாருக்கு வாங்குன பெருங்காயத்த மீனுக்குப் போடுதீயளே, வெளங்குமா?" என்று நான் கத்துவேன். அவர் காதில் விழாத மாதிரி பிசைந்துகொண்டே இருப்பார். இப்போது நாங்கள் சிஞ்ச்வட்டில் ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டோம். அவருக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. டப்பா மாதக்கணக்கில் காலியாவதே இல்லை. அதைத் திறக்கும்போதெல்லாம் அந்த வருஷம் நடந்த கூத்து ஞாபகம் வருகிறது.

கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் அவருடைய தாத்தாவுக்கு வேலை, அப்பாவுக்கு வேலை, பிறகு அவருக்கும் அங்கேயேதான். பிறந்ததும் கட்கி. சண்டையை மராத்தியில் போடுவார், சமாதானத்தை இந்தியில் பேசுவார், மிச்சமிருக்கும் தமிழ் எனக்கு. அம்பாசமுத்திரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அவர் அந்த ஊரை எட்டிப் பார்த்தது எங்கள் கல்யாணத்துக்கும் ஒன்றிரண்டு துக்கத்துக்கும்தான். ஆனால் யாராவது ஊர் கேட்டால் போதும், நெஞ்சை நிமிர்த்தி "அம்பாசமுத்திரம்" என்பார். கட்கியில் பழைய தமிழ்க் குடும்பங்கள் எல்லாமே இப்படித்தான். மூன்று தலைமுறையாக இங்கே ரேஷன் வாங்கியிருப்பார்கள், ஊர் என்று சொல்வது மட்டும் தெற்கே எங்கோ இருக்கும்.

அந்தத் தண்ணீரில் மீன் பிடிக்கும் உரிமை கரையோரக் கிராமத்து மீனவர் சங்கத்துக்கு. தூண்டில்காரர்களை அவர்கள் ரொம்ப நாள் கண்டுகொள்ளாமல்தான் விட்டிருந்தார்கள். பிறகு, வெளியூரிலிருந்து புனேக்குப் பிழைக்க வந்த ஐடி பிள்ளைகள் கராடியிலிருந்து காரில் வர ஆரம்பித்தார்கள். பாட்டென்ன, பாட்டிலென்ன, கரையெல்லாம் பிளாஸ்டிக். ஒரு நாள் யாரோ வலையையே அறுத்துவிட்டுப் போனார்கள். சங்கம் கூட்டம் போட்டது. இனி பாஸ் இருந்தால்தான் தூண்டில். புனே மாவட்டத்துக்காரர்களுக்குக் கேட்டவுடன் பாஸ்; வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம்தான், அதுவும் பானையில் சீட்டுப் போட்டுக் குலுக்கி.

கூட்டத்துக்கு இவரும் போனார். சும்மா இருப்பாரா? "ஆதாரைப் பாக்காதீங்க. கராடிக்காரன் ஒவ்வொருத்தன் ஆதார்லயும் புனே வாடகை வீடு இருக்கும். நேரா காவ், அதான் சொந்த ஊர், எதுன்னு கேளுங்க. முதல்ல வாயில எந்த ஊர் வருதோ அதுதான் கணக்கு," என்று மராத்தியில் முழங்கினாராம். கிராமமே கைதட்டியதாம். வீட்டுக்கு வந்து, "வெளியூர்க்காரனுங்களுக்கு வெச்சேன் பாரு ஆப்பு!" என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டார்.

பாஸ் கொடுக்கிற அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பாஸ் கையில் வந்ததும் அப்படியே லோணாவளா போய் அந்த ஊர்க் கடலைமிட்டாய், சிக்கி, வாங்கலாம் என்று திட்டம். கோயில் மண்டபத்தில் சங்கத் தலைவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். இவரை நன்றாகத் தெரிந்தவர்தான். சிரித்துக்கொண்டே, "காக்கா, தும்ச்ச காவ் குட்ல?" என்றார். உங்க ஊர் எது, சித்தப்பா?

இவர் நெஞ்சை நிமிர்த்தினார். "அம்பாசமுத்திரம்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. தலைவர் தலையைச் சொறிந்துவிட்டு, பின்னால் நின்ற என்னையும் வரிசையில் வந்தவள் என்று நினைத்து, "தும்ச்ச, காக்கு?" என்று கேட்டார். உங்களோடது, சித்தி? நான் யோசிக்கவே இல்லை. சமைத்ததும் பிள்ளை பெற்றதும் தண்ணீர் டேங்கருக்குச் சண்டை போட்டதும் அங்கேதானே? "கட்கி" என்றேன்.

பாஸை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"அரே, நான் கட்கிலயே பொறந்தவன்! இவதான் அம்பாசமுத்திரம்!" என்று இவர் குதித்தார். தலைவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "காக்கா, நீங்க போட்ட ரூல். உங்களுக்கே மாத்தினா மத்தவன் எங்களைச் சும்மா விடுவானா?" இவர் குலுக்கல் பானையில் கை விட்டார். வெற்றுச் சீட்டு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட மனுஷன், சிக்கியும் வாங்காமல் லோக்கலில் வந்தார்.

அப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டிலேயே கிடந்தார். தூண்டிலைத் துடைப்பார், கதவுக்குப் பின்னால் வைப்பார், மறுபடி எடுத்துத் துடைப்பார். சாப்பாடு இறங்கவில்லை. ரிட்டயர் ஆன பிறகு அவருக்கென்று மிச்சமிருந்தது அந்தப் பாறை ஒன்றுதான், அதுவும் போய்விட்டது. நிறைந்து கிடந்த பெருங்காய டப்பாவைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. ஒரு விடிகாலையில் நானே மாவை எடுத்துப் பெருங்காயத்தைக் கொட்டினேன்.

"எந்திரிங்க. பாஸ் எம் பேர்ல இருக்குல்லா, போவோம்."

"பாஸ்காரங்கதான் தூண்டிலத் தொடணும், ஏட்டி. அதுவும் ரூல்."

"அதையும் நீங்கதான் போட்டியளா?"

அவர் எழுந்து சட்டை மாட்டினார்.

பாறையில் நான் தூண்டிலைப் பிடித்தேன், அவர் குடையைப் பிடித்தார். மீன் நாற்றமே ஆகாத நான்! "ஆட்டாதட்டி... தக்கையப் பாரு, என்னைய ஏன் பாக்க..." என்று காதோரம் ஒரே நச்சரிப்பு. அந்த நச்சரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்போது பாஸ் பார்க்கிற காவலாளி வந்தான். ஊருக்குப் புதுசு, எங்களைத் தெரியாது. என் பாஸைப் பார்த்துவிட்டு இவர் பக்கம் திரும்பினான்.

"ஆணி தும்ச்ச காவ், காக்கா?"

அப்போ உங்க ஊர் எது என்கிறான். இந்த முறை நெஞ்சு நிமிரவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே "மீ இத்லாச்" என்றார். நான் இங்கத்தவன்தான்.

பாஸுக்கு அது எந்தப் பிரயோஜனமும் இல்லை. வருஷத்துக்கான பானையைப் பாஸ் கொடுத்த அன்றைக்கே கவிழ்த்துவிட்டார்கள். காவலாளி தலையாட்டிவிட்டு நடந்தான். எனக்குக் கண் கலங்கியதில் தக்கை முங்கியதே தெரியவில்லை. "இழுட்டி, இழு!" என்று அவர் கத்தினார், கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு.