அம்மன் விளக்கை அணைத்த சாயங்காலம்

எல்லையில் சண்டை மூண்டிருந்த வாரம் அது. எங்கள் தாராவிச் சந்தில் ஒருவரும் வாயை மூடவில்லை. வடையைக் கடித்துக்கொண்டே அடுத்த நாட்டைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கினார்கள். அதே வாரம்தான் எங்கள் அம்மனுக்குக் கொடைத் திருவிழா. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஜனம். எங்கே பிழைக்க வந்தாலும் கொடையை விடமாட்டோம். காப்புக் கட்டிவிட்டால் கொடை முடியும்வரை சந்நிதி விளக்கு அணையக் கூடாது. அந்த வருஷம் எண்ணெய் ஊற்றும் பொறுப்பு என்னுடையது. தீச்சட்டி எடுக்க நானும் காப்புக் கட்டியிருந்தேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் போர் ஒத்திகை, ஒரு வீட்டிலும் வெளிச்சம் தெரியக் கூடாது என்று போலீஸ் மைக்கில் சொல்லிவிட்டுப் போனது. நாங்கள் கோயில் வாசலில் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டோம். ரொம்பச் சாமர்த்தியம் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம். கோயிலுக்கும் பக்கத்துத் தோல்பைப் பட்டறைக்கும் ஒரே சுவர். தகரக் கூரைக்குக் கீழே அதில் ஒரு சாண் இடைவெளி உண்டு. அது ஒருத்தர் புத்தியிலும் உறைக்கவில்லை. விளக்கு வெளிச்சம் அந்த வழியே பட்டறைப் பரணுக்குப் போய், ஜன்னலில் மினுங்கியது.

பட்டறைக்காரர் பாய். அவரும் எங்கள் ஜில்லாதான்.

"பாய் சிக்னல் குடுக்கான்லே!" என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான், கதவு உடைந்தது. தாடியைப் பிடித்து அவரைச் சந்துக்கு இழுத்து வந்தார்கள். தோல் வெட்டும் பலகையால் ஒருவன் வாயில் அடித்தான். பல் தெறித்தது. விழுந்தவரின் விலாவில் மாறி மாறி மிதித்தார்கள். அடி சரியாக விழ வேண்டுமே, செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டார்கள். அது சிக்னல் இல்லை போலிருக்கிறது! எல்லாம் எங்கள் பையன்கள். மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, விரதம். கறி தின்னக் கூடாதாம், மனுஷனை மிதிக்கலாமாம்.

பரண் ஜன்னலைப் பார்த்ததும்தான் கூரைக்குக் கீழே இருந்த இடைவெளி எனக்கு உறைத்தது. "ஏலே, நாசமாப் போறவனுங்களா! அது ஆத்தா விளக்குலே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"இவ பொய் சொல்லுதா. அதுக்குத்தான் சாக்கு கட்டியிருக்கே" என்றான் ஒருவன். இன்னொருவன் தோல் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்துவிட்டான்.

கோயிலுக்குள் ஓடினேன். ஆத்தா முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எரிகிற திரியை இரண்டு விரலால் நசுக்கினேன்.

பரண் ஜன்னல் அந்த நொடியே இருண்டது. எல்லோரும் பார்த்தார்கள். மிதித்த கால்கள் நின்றன. கத்தி வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டான்.

பிறகு என்மேல் பாய்ந்தார்கள். "கொடை விளக்க அணைச்சுட்டாளே, பாவி!" என்று ஒருத்தி என் தலைமயிரைப் பிடித்து உலுக்கினாள். என் காப்பை அறுத்து எறிந்தார்கள், தீச்சட்டியும் எனக்கில்லை என்றார்கள். ரத்தத்தில் கிடந்த மனுஷனுக்காக அழாத ஜனம் விளக்குக்காக மாரடித்து அழுதது. நானும் பாயின் மனைவியும்தான் அவரை ஆட்டோவில் ஏற்றினோம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு வந்தது. உதட்டைத் தைத்திருந்தார்கள். பேச்சு குழறியது.

"கொடை விளக்கையா அணைச்ச, தங்கச்சி? ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டாளா?"

"கோவிச்சா எங்கிட்ட கோவிச்சுக்கிடட்டும், பாய். நான் பேசிக்கிடுதேன்."

சொல்லிவிட்டு, அடிபட்ட மனுஷனுக்கு முன்னால் நான்தான் விம்மி விம்மி அழுதேன்.