சரசு அமுக்கிய பிரேக்

"...அந்த உடும்பச் சொல்லி என்னாவப் போவுது தேவி? எனக்குத்தான் ஓட்டத் தெரியல. அவ்வளவுதான்லா."

போன ஞாயிறு காலை என் மனைவி சரசு தன் தங்கையிடம் சொன்னது இது. நான் மூன்றடி தள்ளி, எண்ணெய்த் துணியோடு நின்றிருந்தேன்.

சரசுக்கு நன்றாக ஓட்டத் தெரியும். அவளை விழ வைத்தவன் நான்.

இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியமாட்டீர்கள்... அந்தத் துணிச்சல்தான்.

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. பக்கவாட்டுக் கொட்டகையில் ஐந்து மோட்டார் சைக்கிள்கள். நான்கு என் ஆசைக்கு. ஐந்தாவது, சரசு வேலைக்குப் போகும் சின்ன வண்டி; கப்சாய் என்போம். "பொண்டாட்டி ஒண்ணு, வண்டி அஞ்சு. தீபாவளிக்கு இதுல எதுக்குய்யா மொதல்ல எண்ண தேய்ப்ப?" என்பார்கள் தோட்டத்தில். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பல வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒன்றில் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது. கண்ணாடி, பிளக், கேபிள்... வண்டிக்கு வண்டி இரவல். எல்லா வண்டியும் என்னுடையதுதானே, இதில் யாரைக் கேட்க வேண்டும்?

இரண்டு வருடத்துக்கு முன், அந்தச் சனிக்கிழமையும் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் தஞ்சோங் காராங் வயல்வெளியில் பழைய வண்டி வைத்திருக்கும் நாங்கள் கூடுவதாக இருந்தோம். நான் பளபளவென்று தேய்த்து வைத்திருந்த பழைய கப்சாய்க்கு முன் சக்கரத்துப் பிரேக் கட்டைகள் தேய்ந்து போயிருந்தன. கடை சாத்தியாயிற்று. சரசின் வண்டியும் அதே மாடல். அதில் இருந்தவை புதியவை. கழற்றி என் வண்டியில் மாட்டினேன். தேய்ந்ததை அவள் வண்டிக்குத் தள்ளினேன். திங்கட்கிழமை புதிதாக வாங்கிப் போட்டுவிட்டால் போயிற்று!

அவளிடம் ஏன் சொல்லவில்லை? "என் வண்டியில கை வைக்காதீங்க" என்று முன்பே ஒரு முறை சொல்லியிருந்தாள். அதனால்தான்.

ஞாயிறன்று என் வண்டியை ஓட்டிப் பார்த்த ஒருவர் பிரேக் பிடிப்பை மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போகத்தான் செய்தேன். அங்கே எங்கும் கிடைக்காத பழைய முன்விளக்கு ஒன்று வந்திருந்தது. அதைப் பார்த்ததும் வந்த வேலை மறந்துவிட்டது. விளக்கோடு வீடு திரும்பினேன்... விளக்கோடு!

புதன் காலை, தூறல். வாய்க்கால் ஓரச் சாலையில் உடும்பு ஒன்று குறுக்கே வந்தது. சரசு பிரேக்கை அமுக்கினாள். வண்டி நிற்கவில்லை. வாய்க்கால் மதகில் மோதி, முழங்கால் நொறுங்கியது.

மருத்துவமனையில் அவள் சொன்ன முதல் வார்த்தை: "அமுக்குனேங்க. புடிக்கல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பதட்டத்துல நீ அமுக்கியிருக்க மாட்ட."

அதோடு விட்டேனா? வீட்டுக்கு வந்து, யாரும் வண்டியைப் பார்க்கும் முன், நல்ல கட்டைகளை அவள் வண்டியில் திரும்ப மாட்டினேன். மறுநாள் தேவி வந்து வாசலில் ஓட்டிப் பார்த்தாள். போய் அக்காவிடம் சொன்னாள்: "பிரேக்கு நல்லாத்தானே இருக்குக்கா."

சரசு தன் வலது உள்ளங்கையை விரித்து வெகுநேரம் பார்த்தாள்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் "யானைக்கும் அடி சறுக்கும்" என்றார்கள். பிறர் சொல்லும் பழமொழிகளைப் பொறுக்கிச் சேர்ப்பவன் நான். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னவனும் நான்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடிகிறது, ஐயா. சோறு போடுகிறவளையே நம்ப வைக்கவும் முடிகிறது!

இப்போது அவள் முழங்கால் மடங்குவதில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் தனியாகப் பறந்தவள், என் பின்னால் ஒருபக்கமாய் உட்கார்ந்து வருகிறாள். கம்போங் குவாந்தானில் இருக்கும் தோழியைப் பார்க்கக்கூட, "இன்னைக்கு உங்களுக்கு வேல இருக்காங்க?" என்று கேட்கிறாள். ஐந்து வண்டி நிற்கிற வீட்டில்!

என் பளபளப்பு வண்டியில் இன்றும் அந்தத் தேய்ந்த கட்டைகள்தான். மாற்றவும் இல்லை, ஓட்டவும் இல்லை. அதை ஒரு தண்டனை என்று நினைத்துக்கொள்கிறேன். எவ்வளவு சுகமான தண்டனை...

போன ஞாயிறு செரண்டாவிலிருந்து தேவி வந்தது, வேலைக்குப் போக ஒரு வண்டி கேட்டு. பேச்சு அந்த விபத்துக்குத் திரும்பியது. அப்போதுதான் சரசு தனக்கு ஓட்டத் தெரியவில்லை என்றாள். உண்மை வாய்வரை வந்தது எனக்கு. வந்ததை விழுங்கினேன்.

சரசு உள்ளே போய்ச் சாவியையும் தன் ஹெல்மெட்டையும் எடுத்து வந்தாள். "என் வண்டிய எடுத்துக்க. மாமா பிரேக்கெல்லாம் நல்லாப் பாத்து வச்சிருக்காரு."

பிறகு காலை இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். தன் வண்டியின் பக்கத்தில் நின்று, முன்னால் தள்ளியபடி, வலது கையால் பிரேக்கை அமுக்கினாள். சக்கரம் சட்டென்று நின்றது. கையை விட்டாள். மறுபடியும் தள்ளி, மறுபடியும் அமுக்கினாள்.