ஆறடி நாலு அங்குலத்தோடு பூனாகலைக்கு

என் உயரம் ஆறடி நாலு அங்குலம். பெருமைக்காகச் சொல்லவில்லை, குடும்பத்தோடு கடல் கடந்து போக நினைக்கும் நெட்டையர்களுக்காகச் சொல்கிறேன். போன ஐப்பசியில் மனைவி கமலத்தையும் ஏழு வயது மகள் வசந்தாவையும் கூட்டிக்கொண்டு இலங்கைக்குப் போய் வந்தேன். என் தங்கை ராசாத்தி அங்கே பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியும் அவள் வீட்டை எட்டிப் பார்க்காத அண்ணன் நான்.

திருச்சியில் ரயிலேறி தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். ரயிலில் நடைவழி ஓரத்து இடத்தைப் பிடியுங்கள், காலை நீட்டலாம். கப்பலில் கீழ்த்தளத்துப் படி இறங்கும்போது தலையைக் காத்துக்கொள்ளுங்கள். நான் காக்கவில்லை, இரண்டு நாள் புடைப்பு இருந்தது. பொல்காவலையில் பதுளை ரயிலுக்கு மாறி பண்டாரவளையில் இறங்கினோம். அங்கிருந்து பஸ், எட்டு மைல், தலைக்கு ஐம்பது சதம். டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் கேட்டு வாங்கினேன். "முழங்கால ஒதுக்கி வச்சுக்குங்கய்யா, கியரு போட எடமில்ல. வண்டி பள்ளத்துல எறங்கிரும்" என்றார் மனுஷன். வெளியே எட்டிப் பார்த்தேன். பள்ளம் நிஜமாகவே இருந்தது. ஐம்பது நிமிஷமும் முழங்காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

தோட்டத்துத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒரே கூரையின் கீழ் இருக்கும். லயம் என்பார்கள். ராசாத்திக்கு அதில் ஒரு காம்பரா, அதாவது ஒரே ஒரு அறை. வாசல் என் தோள் உயரம்தான். ஒவ்வொரு தடவையும் குனிந்து போய், குனிந்தே வர வேண்டும். படுத்தால் கால் வெளியே போகும், அடுப்பங்கரையில் தலை வைத்துக் குறுக்காகப் படுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். தோட்டத்தில் சொந்தத் தங்கை வீட்டில் தங்கவும் தோட்டத்தை நடத்தும் துரையின் அனுமதி வேண்டும். ராசாத்தியின் புருஷன், என் மச்சான் செல்லமுத்து வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாளைக்கு எழுதி வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழையில் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. துரையோ பதுளைக்குப் போயிருந்தார். அவர் கையெழுத்தில்லாமல் ஆபீஸ் கிளாக்கர் நாள் கூட்டித் தர மாட்டார். சொல்லாமல் ஆள் வைத்திருந்தது தெரிந்தால் செல்லமுத்துவுக்குப் பத்துச்சீட்டு. அதாவது வேலை போச்சு, வேலையோடு வீடும் போச்சு. அங்கே வீடு என்பது வேலைக்குத் தரும் இடம்தான்.

"ஒங்க வீட்டம்மாவும் புள்ளையும் எங்காளுக மாதிரி இருந்துக்குவாங்க. ஒங்கள எங்க ஒளிச்சு வக்கிறது, மச்சான்?" என்று தலையில் கை வைத்தார் செல்லமுத்து. திங்கள் முழுக்க நான் காம்பராவை விட்டு வெளியே தலை காட்டவில்லை. வெளியே யாராவது இருமினால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

சரிவுக்கு அந்தப் பக்கம், இரண்டு மைல் தள்ளி, செவ்வாய் காலை ஏழரைக்கு பஸ் வரும் என்று தகவல் வந்தது. போகும் பாதை பெரட்டுக் களத்தை ஒட்டியது. காலையில் ஆட்களை நிறுத்தி எண்ணி வேலைக்கு அனுப்பும் இடம் அது. ஐந்து மணிக்கே கிளம்பி அதைத் தாண்டிவிட நினைத்தோம். பாழாய்ப்போன மழை ஐந்தே முக்கால் வரை விடவில்லை.

ராசாத்தி ஒரு கம்பளியை என் தலையோடு போர்த்தி, தேயிலை கிள்ளும் பெண்கள் சுமக்கும் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டினாள். "நல்லா கூனிக்கிட்டே போங்கண்ணே. நிமிந்திராதீங்க." கமலமும் வசந்தாவும் முன்னால் போய்க் களத்தைத் தாண்டிவிட்டார்கள். நான் இருபதடி பின்னால், இடுப்பு விண்ணென்று தெறிக்க, தரையைப் பார்த்தபடி.

"ஏய் கெழவி! பிந்தி வந்துட்டு எங்க போற? வந்து வரிசையில நில்லு!"

ஆள் எண்ணும் கணக்குப்பிள்ளை! வாயைத் திறந்தால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். போய்ப் பெண்கள் வரிசையில் நின்றேன். பக்கத்தில் நின்றவள் என் பாதத்தைப் பார்த்தாள், முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். கணக்குப்பிள்ளை எண்ணினார். ஒரு தலை கூடியது. மறுபடி எண்ணினார். மறுபடியும் கூடியது. ஆண்கள் வரிசையில் செல்லமுத்துவின் முகம் சாம்பலாகிவிட்டது. அந்த நேரம் பார்த்தா, பதுளையிலிருந்து குறுக்குப் பாதையில் திரும்பிவிட்ட துரையின் மோட்டார் சைக்கிள் வர வேண்டும்!

"என்ன தாமதம்?"

"ஒரு தல கூடுதுங்க தொரை."

"பிடி. ஆள் பிடிக்காட்டி இன்னிக்கி ஒருத்தருக்கும் பேர் இல்லை."

பேர் இல்லை என்றால் அத்தனை பேருக்கும் அன்றைக்கு வேலை இல்லை, கூலி இல்லை. யாரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. முந்தானையைக் கடித்தவள் சிரிப்பை விட்டுவிட்டு நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. கம்பளியை இழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். முதுகு மடமடவென்று நெட்டி முறிந்தது. கணக்குப்பிள்ளை, "அட ஆத்தா!" என்று பின்னால் போனார்.

"செல்லமுத்துவின் மச்சான் நான். மூன்று நாள் கேட்டு வந்தேன், ரோடு அடைத்துப்போய் ஐந்தாம் நாள் ஆகிவிட்டது. தப்பு என்னுடையது. அவரை ஒன்றும் செய்யாதீர்கள்" என்றேன். துரை என்னை அண்ணாந்து பார்த்தார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. ரோட்டைக் காட்டி, "நீ போ" என்றார். செல்லமுத்துவைப் பார்த்து, "ஒரு கிழமை பேர் இல்லை" என்றார். வண்டி போய்விட்டது.

ஒரு வாரச் சம்பளம் போனது. மன்னிப்புக் கேட்கலாம் என்று தங்கையைத் தேடினேன். அவளோ ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக நிற்கிறாள். "பத்துச்சீட்டு இல்லண்ணே! ஒரு கெழமைதாண்ணே! முருகா, ஒரு கெழமைதான்!" தண்டனைக்கு இப்படிச் சந்தோஷப்படுகிறவர்களை நான் எங்கும் பார்த்ததில்லை.

போகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், தை, மாசியில் போங்கள். மூன்று நாள் தங்கப் போனால் ஏழு நாளைக்கு அனுமதி கேளுங்கள். விசாவிலும் நாலு நாள் கையிருப்பு இருக்கட்டும். நாள் முடிந்துவிட்டால் ஒளியாதீர்கள். அன்றைக்கே ஆபீஸில் போய் நில்லுங்கள். நான் போயிருந்தால் என்னை மட்டும் விரட்டியிருப்பார்கள்.

சரிவு வரை ராசாத்தி கூட வந்தாள். மண்ணில் சறுக்கிச் சறுக்கி வசந்தாவை இடுப்பில் தூக்கி அந்தப் பக்கம் விட்டாள். "அடுத்த வருஷம் நீ நம்ம வீட்டுக்கு வா, ஒரு மாசம் இரு" என்றேன். நம் ஊரில் அதற்கு யாரையும் கேட்க வேண்டாம் என்ற நினைப்பில் சொன்னேன்.

"இங்க கட்டிக்கிட்டு வந்ததுல எனக்கு அங்க இருந்த உரிமையும் போச்சு, இங்கயும் தரல. எங்களுக்கு எந்த ஊருப் பிரஜா உரிமையும் இல்லியேண்ணே. வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க" என்றாள். பஸ் ஹாரன் அடித்தது. "நீங்களும் வராதீங்கண்ணே. காயிதம் மட்டும் போடுங்க."