எடை வைக்காமல் பார்த்த சைலன்சர்

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் முதலில் மின்விசிறியை நிறுத்துவார். செருப்பைக் கழற்றுவதுகூட அப்புறம்தான். விசிறி நிற்கும், பாட்டு நிற்கும், பேசிக்கொண்டிருந்தவர்களும் வாயை மூடியாக வேண்டும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வீடு சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பவர் போல நிற்பார். பிறகுதான் தண்ணீர் கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து மனைவி பார்த்துவரும் பழக்கம் இது. அந்தப் புழுக்கத்துக்கு மட்டும் அவள் பழகவே இல்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் ‘உஷ்’. மோட்டார் மேல் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வேலையில் அவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. கூண்டுக்குள் இரும்பு எடைகளை ஏற்றி, முழுப் பாரத்தோடு மேலும் கீழும் ஓட்டிப் பார்க்காமல் ஒரு லிஃப்டுக்கும் கையெழுத்துப் போட மாட்டார். வெறும் கூண்டு எல்லாருக்கும் நல்ல பிள்ளைதான் என்பார்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு டூரிங் பைக். இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டலாம். அதன் சைலன்சர் அடியில் துருப்பிடித்து ஓட்டையானபோது, மகளின் பட்டமளிப்பு விழா நெருங்கிவிட்டிருந்தது. கம்பெனி சைலன்சர் வர மாதக்கணக்காகும் என்றார்கள். வெளியில் விற்பதைத்தான் வாங்க வேண்டும்.

மனைவி பஸ்ஸில் போகலாம் என்றாள். பஸ்ஸில் போவதற்கா இந்த வண்டியை வாங்கினேன் என்று அவர் எகிறினார். சரி, ஆனால் சத்தமில்லாத குழாயாகப் பாருங்கள் என்றாள். அவளுக்கு அந்த விழாவில் ஒரே ஒரு விஷயம்தான் வேண்டும். மகளின் பெயரை மைக்கில் கூப்பிடுவதைக் கேட்க வேண்டும். இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பட்டம் வாங்கப் போகிற முதல் ஆள் மகள்தான். அதுவரை அந்த வீட்டாரை எந்த மைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒருமுறை ஏதோ மண்டபத்தில், வழியை மறித்து நிற்கும் வண்டியை எடுக்கச் சொன்னார்கள். அதுவும் நம்பரைச் சொல்லித்தான்.

சைலன்சர் கடை வைத்திருந்தது மனைவியின் தம்பி. மாமனுக்கும் மச்சானுக்கும் ஆகாது. கல்யாணத்துக்கு முன்பு, மாப்பிள்ளை என்ன வேலை என்று யாரோ கேட்டதற்கு, “பெட்டிக்குள்ள ஏறி இறங்குவாரு” என்று தம்பி சொன்னது மாப்பிள்ளை காதில் விழுந்திருந்தது. அந்தக் காதில் விழுந்தது எதுவும் வெளியே போனதில்லை. அன்றிலிருந்து இருவரும் ஒரே அறையில் நின்றாலும் அவள் வழியாகத்தான் பேசுவார்கள்.

கடையில் தம்பி நீளமான, பருத்த எவர்சில்வர் குழாய் ஒன்றை எடுத்து வைத்தான். கனம் அதிகம், பார்க்க அழகில்லை, ஆனால் கீழே படுத்திருக்கும், பெட்டியில் உரசாது, தூரப் பயணத்தில் காது வலிக்காது என்று அக்காவைப் பார்த்தே சொன்னான்.

“உன் தம்பி எனக்குச் சத்தத்தைப் பத்திப் பாடம் எடுக்குறானா?” என்றார் அவர். ஆகாத மச்சான் கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம். அந்தக் குழாயை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய குட்டைக் குழாயைக் காட்டினார். நுனியில் நீலம் ஓடிய, மேல்நோக்கித் தூக்கிய குழாய்.

“அக்கா, அது ஊருக்குள்ள சுத்துற பசங்களுக்குன்னு சொல்லுக்கா. ஆள் உக்காந்து பாரம் ஏறுனா பின்பக்கம் தாழும்.”

அவர் அதையே மாட்டச் சொன்னார். பெட்டிகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டாண்டில் நின்ற வண்டியை முடுக்கி, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டார். கச்சிதம் என்று தலையாட்டினார். பின் சீட் காலியாக இருந்தது. அதில் உட்கார வேண்டியவள் கடை வாசலில் கைப்பையோடு நின்றிருந்தாள்.

விழாவுக்கு முந்தின நாள் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் வண்டி ஒரே வேகத்தில் ஓடத் தொடங்கியதும் குழாய் வேறு குரலில் பேசியது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஹெல்மெட்டுக்குள் யாரோ அண்டாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே வருவது போன்ற முழக்கம். குழாயின் வாய் அவள் பக்கம்தான் தூக்கியிருந்தது. முதுகில் தட்டினாள். அவர் திரும்பவில்லை. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்த பிறகுதான் நிறுத்தினார். பாரத்தில் தாழ்ந்த பெட்டி குழாய் மேல் உட்கார்ந்து உருகியிருந்தது. உள்ளே, விழாவுக்கென்று அவள் எடுத்து வைத்த புடவையில் கையகல ஓட்டை.

“லிஃப்டை எடை வெச்சுதானே பாப்பீங்க” என்றாள் அவள். “என்னை வெச்சுப் பாக்கணும்னு தோணலையா?”

அவர் பெட்டியை இழுத்துக் கம்பியால் கட்டினார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். தம்பி சரியாக மாட்டவில்லை என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, முந்தின நாள் உடுத்திய புடவையோடு அவள் அரங்கில் உட்கார்ந்திருந்தாள். காதுக்குள் அந்த முழக்கம் இன்னும் ஓய்ந்திருக்கவில்லை. மகள் கறுப்பு அங்கியில் படியேறினாள். மைக் முன்னால் நின்றவரின் உதடு அசைந்தது. எல்லாரும் கைதட்டுவது தெரிந்தது. அவளுக்கு அண்டாதான் கேட்டது.

“கூப்பிட்டாங்களா?”

“ம்.” அவருக்குக் கேட்டிருந்தது.

“என்னன்னு கூப்பிட்டாங்க?”

“அவ பேரைச் சொல்லித்தான்.”

அவர் கெட்டவரா என்றால் சட்டென்று ஆமாம் என்று சொல்ல வாய் வராது. மகளின் படிப்புக்காக அவர் ஏறாத உயரமில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் அவர் மனைவியின் முகத்தைப் பார்த்திருக்கலாம். மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே நடைபாதையில் அவள் அவரை நிறுத்தினாள். “தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும் எனக்கு.”

“வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

அவள் பஸ்ஸில் திரும்பினாள். அவர் அதே குழாயோடு தனியாக ஓட்டி வந்தார். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. வீம்புக்கு அந்தக் குழாயை மாற்றவும் இல்லை. சில நாளில் அவளுடைய காது சரியானது. அவள் அந்த வண்டியில் ஏறவே இல்லை. அவர் ஒருமுறைகூட ஏறச் சொல்லவுமில்லை. ஒரே வீட்டில், சோறும் குழம்பும் பரிமாறிக்கொண்டு, வருஷக்கணக்கில் இருவரும் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் இறந்தது நெஞ்சுவலியில். துக்கம் கேட்க வந்த லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர் கூடத்தில் உட்கார்ந்து, ஒருத்தருக்கும் ஒரு பாக்கி வைக்காமல் போன மனுஷன் என்றார். தம்பி தரையைப் பார்த்தான்.

“எனக்கு வெச்சிருக்காரு” என்றாள் அவள்.

சூப்பர்வைசர் பதறிப்போய், எவ்வளவு என்று கேட்டார்.

“ஒரு வார்த்தை” என்று சொல்லிவிட்டு, அவருக்குக் காபி கொண்டுவர உள்ளே போனாள்.